கொழும்பில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வளர்க்க எந்த ஓர்கிட்?

கேள்வி இதுதான்: பன்னிரண்டு பேர் கொண்ட குழு. எட்டுப் பேர் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். நான்கு பேருக்கு நுகேகொடை, வத்தளைப் பக்கம் சிறு தோட்டம் இருக்கிறது. எல்லோரும் ஒரே ஓர்கிட்டை ஒரு வருடம் வளர்த்து, யாருடையது எப்படி வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் ஃபலனோப்சிஸ் கேட்கிறார்கள். ஒருவர் வண்டா என்கிறார், இன்னொருவர் வெசாக் ஓர்கிட் என்கிறார். எதை எடுப்பது?

என் பதில் டென்ட்ரோபியம். அதிலும் ஃபலனோப்சிஸ் பூவைப்போல அகன்ற பூப் பூக்கும் கலப்பின வகை. அதிலும் ஒரே தாய்ச்செடியிலிருந்து திசு வளர்ப்பில், அதாவது ஆய்வுகூடத்தில் அதன் சிறு துண்டைப் பெருக்கி, எடுத்த ஒரே தொகுதிச் செடிகள். ஊதாவும் வெள்ளையுமான சோனியா 17, சோனியா 28 போன்றவை இந்த இனத்தில் வெகுகாலம் அடிபட்டுத் தேறியவை. தாய்லாந்திலிருந்து உலகமெல்லாம் போகும் வெட்டுப்பூக்களில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெயரைவிட முக்கியம் அந்த மூன்றாவது நிபந்தனை. விதையிலிருந்து வந்த ஓர்கிட் நாற்றுகள் ஒரே காயில் பிறந்தாலும் உடன்பிறப்புகள் மாதிரித்தான்: ஒன்று கெதியில் பூக்கும், ஒன்று இரண்டு வருடம் இழுக்கும், நிறமும் மாறும். அப்படிப்பட்ட செடிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தால், வருட முடிவில் வத்தளைச் செடி நன்றாக வந்தது கவனிப்பாலா, பிறவியாலா என்று யாருக்கும் சொல்ல முடியாது. திசு வளர்ப்புச் செடிகளில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் இல்லை. வித்தியாசம் வந்தால் அது வெளிச்சம், தண்ணீர், காற்று, கை ஆகியவற்றால் வந்தது. சேர்ந்து வளர்ப்பதன் பயனே அதைக் கண்டுபிடிப்பதுதான்.

இனி, கேட்ட மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஃபலனோப்சிஸ் கடையில் பார்க்க அழகுதான். ஆனால் அது பூந்தண்டு விட, சில கிழமைகள் தொடர்ந்து 25 பாகை செல்சியஸ் அளவுக்கோ அதற்குக் கீழேயோ குளிர்ச்சி வேண்டும். 28 பாகைக்கு மேல் இருந்துகொண்டே இருந்தால் இலை விடுமே தவிரப் பூவைப் பற்றி யோசிக்காது. கொழும்பில் பகல் 30ஐத் தாண்டுகிறது, இரவு பெரும்பாலும் 24, 25இல் நிற்கிறது. மார்கழி, தை இரவுகளில்தான் 22 வரை இறங்கும். அந்தச் சின்ன வாசலில் சில செடிகள் தண்டு விடும், சில விடாது. கண்டிக்கு மேலே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதோடு, மழை நீர் நடுக்குருத்தில் தேங்கினால் ஓரிரு நாளில் குருத்து அழுகிவிடும். ஃபலனோப்சிஸுக்குப் பக்கத்தில் இன்னொரு முளை கிடையாது. குருத்து போனால் பெரும்பாலும் செடியே போனது போலத்தான். டென்ட்ரோபியத்தில் ஒரு முளை அழுகினால் அடியிலிருந்து இன்னொன்று வரும். முதல் வருடக்காரர்களுக்கு இந்த மன்னிக்கும் குணம் வேண்டும்.

வண்டாவுக்குக் கொழும்பு வெப்பம் பிடிக்கும், ஆனால் தொங்கும் வெறும் வேருக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், வெயில் காயும் நாளில் இரண்டு முறை. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் நிற்பவர்கள் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கரியில் நட்ட டென்ட்ரோபியம் முற்றிய தண்டில் நீரைச் சேமித்து வைத்திருக்கும். நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போனால் ஒரு கிழமையைப் பெரிய சேதமில்லாமல் தாண்டும். சிம்பிடியம் என்ற ஓர்கிட் நுவரெலியாக் குளிருக்கான சரக்கு, அதைப் பேசத் தேவையில்லை. நிலத்தில் வளரும் ஸ்பதோகுளொட்டிஸ் மலிவு, சுலபம், பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் குழு ஆறு மாதத்தில் அதில் சலித்துப்போகும்.

வெசாக் ஓர்கிட் கேட்டவரின் ஆசை நல்ல ஆசை. டென்ட்ரோபியம் மெக்கார்த்தியே இலங்கைக்கே உரிய இனம். ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில் மரத்தில் தொங்கி, வெசாக் காலத்தையொட்டிப் பூக்கிறது. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தாவரம், காட்டிலிருந்து பிடுங்குவது குற்றம். யாராவது மரக்கொப்போடு சேர்த்து விலை பேசினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை, வாங்காமல் வந்தால் போதும். ஆய்வுகூடத்தில் பெருக்கிய கன்று கிடைத்தாலும், காட்டின் ஈரத்தைத் தொடர்மாடிப் பல்கனியில் கொடுப்பது லேசல்ல. இரண்டு மூன்று வருடம் கை பழகிய பிறகு எடுக்க வேண்டிய செடி.

தீர்மானிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டு இடங்களிலும் வெளிச்சத்தை அளவுங்கள். கைபேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலி போதும். துல்லியம் குறைவு என்றாலும் ஒரே கைபேசியைக் கொண்டுபோய் எல்லா வீட்டிலும் அளந்தால் ஒப்பீடு சரியாக இருக்கும். செடி வைக்கப்போகும் உயரத்தில், காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் பாருங்கள். நாளில் மூன்று நான்கு மணி நேரமாவது 20,000 முதல் 35,000 லக்ஸ் வரை கிடைக்கும் இடத்தில் டென்ட்ரோபியம் பூக்கும். எப்போதும் 8,000க்குக் கீழே நிற்கும் இடத்தில் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ வராது. ஆக மோசமான இடம் யாருடையதோ அதைப் பார்த்துத்தான் செடியையும் விதிகளையும் தீர்மானிக்க வேண்டும். ஆக நல்ல தோட்டத்தைப் பார்த்தல்ல. அந்த ஒருவருக்கு வெளிச்சமே இல்லையென்றால், அவருடைய செடியை இன்னொருவரின் மொட்டைமாடியில் வைத்து அவரே வந்து பார்க்கட்டும்.

இங்கே கொழும்புக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. வடக்குப் பார்த்த பல்கனி இருட்டு என்று புத்தகங்கள் சொல்வது குளிர்நாட்டுக் கதை. நாம் வட அகலாங்கு 7 பாகையில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சுமார் ஒரு கிழமை முன் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது, செப்டெம்பர் முதல் கிழமையில்தான் திரும்பி வருகிறது. அந்த ஐந்து மாதமும் வடக்குப் பல்கனியில் கம்பிவேலியோரம் ஒரு முழ அகலத்துக்கு நேர்வெயில் விழும். தெற்குப் பல்கனிக்கு மீதி ஏழு மாதம். ஆகவே மாசியில் சரியாக இருந்த இடம் ஆனியில் சரியாக இருக்காது. வடக்குப் பல்கனிக்காரர் சித்திரையில் செடியைக் கம்பியிலிருந்து உள்ளே இழுக்காவிட்டால், இலையில் வெளிறிய வட்டம் விழுந்து பிறகு கபில நிறமாகும். அது நோய் அல்ல, வெயில் சுட்டது, மருந்தடிக்க வேண்டாம். திறந்த தோட்டத்தில் 50 வீத நிழல்வலை போடுங்கள்.

வாங்கும்போது எல்லாச் செடிகளையும் ஒரே நாளில், ஒரே நாற்றுமேடையில் வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு, சேமிப்புக்கு மூன்று, மொத்தம் 27. பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கக் கடைகளில் ஒரே தொகுதியில் இவ்வளவு இல்லாமல் இருக்கலாம். வளர்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி எடுப்பது நல்லது. ஆய்வுகூடப் போத்தலிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த கன்று மலிவு, ஆனால் பூக்க ஒன்றரை இரண்டு வருடம் எடுக்கும், பாதிப் பேர் அதற்குள் போய்விடுவார்கள். மூன்று தண்டும் அடியில் ஒரு புதிய முளையும் உள்ள செடி எடுத்தால் வருடத்துக்குள் பூவைப் பார்க்கலாம்.

செடியை எப்படிப் பார்த்து எடுப்பது? தண்டுகளை வயது வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு புதிய தண்டும் முந்தியதைவிட உயரமாகவோ தடிப்பாகவோ இருக்க வேண்டும்; கடைசித் தண்டு குட்டையாக இருந்தால் வேரில் ஏதோ பிழை. தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசையுங்கள். சட்டியும் சேர்ந்து அசைந்தால் நல்லது. செடி மட்டும் ஆடினால் வேர் இல்லை. வேர்நுனி பச்சையாகவோ ஊதா கலந்தோ பளபளக்க வேண்டும். இலையின் அடியை, தண்டைச் சுற்றிய காய்ந்த உறையை உரித்துப் பாருங்கள், செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும். இலையில் மஞ்சள் கீற்று, குழிந்த கறுப்புக் கோடு, வளையம் இருந்தால் விட்டுவிடுங்கள், வைரஸாக இருக்கலாம். பூத்த செடி வேண்டாம்: அந்தப் பூ நாற்றுமேடைக்காரரின் உழைப்பு, உங்கள் கணக்கில் சேராது. நிறத்தை உறுதிப்படுத்த அதே தொகுதியில் பூத்த ஒன்றைக் காட்டச் சொன்னால் போதும். வெள்ளை வகைகளை நான் தவிர்ப்பேன். மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி வெள்ளை இதழில் அப்பட்டமாகத் தெரியும், குழுவில் பாதிப் பேர் மனம் உடைந்துபோவார்கள்.

நடும் நாளை மாசியில் வையுங்கள். வெயில் காலம், வெட்டுக்காயம் உலரும், சித்திரை மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் தொடங்கினால் பின்னேர இடிமழையிலேயே பாதி முளை அழுகும். எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நடுவது நல்லது, சட்டியும் கலவையும் ஒன்றாக இருக்கும்.

சட்டி 10 முதல் 12 சென்ரிமீற்றர் அகலமானது, பக்கங்களில் துளையுள்ள மண்சட்டி. சின்னதாகத் தோன்றும். தோன்றட்டும். பெரிய சட்டியில் நடுப்பகுதி காயாது, காயாத இடத்தில் வேர் அழுகும், வேர் அழுகினால் செடி பூவுக்குப் பதிலாகத் தண்டின் மேல்கணுவில் குட்டிச்செடி விடும். “ஏன் என் செடி பூக்காமல் பிள்ளை பெறுகிறது” என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சட்டிக்குள்தான் இருக்கும்.

சட்டியின் அடி மூன்றிலொரு பங்குக்கு உடைந்த ஓடு அல்லது செங்கல், துண்டொன்று 3, 4 சென்ரிமீற்றர். அதன்மேல் 2 சென்ரிமீற்றர் மரக்கரித் துண்டுகள். கரியைத் தூள் போகும்வரை கழுவுங்கள். அச்சில் வார்த்த பாபகியூக் கரிக்கட்டி வேண்டாம், அதில் ஒட்டுப்பசை இருக்கும். தேங்காய்ப் பொச்சு சேர்க்க விரும்பும் பல்கனிக்காரர்கள் துண்டாக வெட்டி, ஒரு கிழமை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கபிலச் சாயம் குறைந்த பிறகு, கரியில் நாலிலொரு பங்குக்கு மேற்படாமல் கலக்கலாம். மழை படும் தோட்டத்துக்குப் பொச்சே வேண்டாம்.

செடியைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் விடுங்கள், விறைத்த வேர் இளகும். அழுத்தினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் எஞ்சும் வேர் செத்தது, வெட்டுங்கள். மிக முதிர்ந்த தண்டு சட்டியின் விளிம்பை ஒட்டவும் புது முளை நடுவைப் பார்க்கவும் வையுங்கள். தண்டுகள் கிளம்பும் அந்தக் கிடைத்தண்டு கரியின் மேல் உட்கார வேண்டும், புதைய வேண்டாம். புதைந்த முளை அழுகும். பிறகு ஒரு குச்சியை ஊன்றித் தண்டை இரண்டு இடத்தில் கட்டுங்கள். இந்தக் கட்டுத்தான் எல்லோரும் அசட்டையாக விடுவது. செடி காற்றில் ஆடினால் புது வேர்நுனி கரியில் உரசித் தேய்ந்து நின்றுவிடும், மூன்று மாதம் வீண். கட்டி முடிந்ததும் சட்டியைத் தூக்காமல் தண்டை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். சட்டியும் கூடவே வந்தால் காணும்.

வெட்டும் கத்தி பற்றி ஒரு எச்சரிக்கை. சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடொன்டொகுளொசம் வளையப்புள்ளி வைரஸ் என்ற இரண்டும் ஓர்கிட் வளர்ப்போரிடையே பரவுவது பெரும்பாலும் வெட்டுக் கருவியால். மருந்து கிடையாது. 27 செடியை ஒரே கத்தரியால் வெட்டினால் ஒரு செடியின் நோய் பன்னிரண்டு வீட்டுக்கும் போகும். செடிக்கு ஒரு புதிய சவர அலகு, பயன்படுத்தியதும் எறிந்துவிடுவது. அதற்கு மேல் மலிவான வழி இல்லை.

நட்டு இரண்டு மூன்று நாள் இலைக்குத் தெளிப்பு மட்டும். இரண்டு கிழமை நிழல், பிறகு அளந்து வைத்த இடம்.

தண்ணீரை விடிய ஊற்றுங்கள், இரவுக்குள் முளையிடுக்கு காய வேண்டும். வேர் வெள்ளையாக இருந்தால் காய்ந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. அதைப் பார்த்து ஊற்றப் பழகினால் அட்டவணை தேவையில்லை. கூரையுள்ள பல்கனியில் தை, மாசியில் தினமும் தேவைப்படும். திறந்த தோட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு துளியும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் நல்லது. கடற்கரையோரக் கிணறுகளில் உவர்ப்பு இருக்கலாம், அதைத் தவிருங்கள். மரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் வைகாசிக்குப் பிறகு கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இலையில் அப்பும், நுனி கருகும். கிழமைக்கு இரண்டு முறை இலையைக் கழுவினால் சரி. ஏசியின் வெளிப்பெட்டிக்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள், அந்தச் சூடான காற்றில் மொட்டு மஞ்சளாகி உதிரும்.

சட்டிக்கு அடியில் தட்டு வைப்பதைக் குழுவின் விதியாகவே தடைசெய்யுங்கள். வேருக்கும் கூடாது, டெங்கு நுளம்பும் அதில்தான் முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் ஓர்கிட் என்று சொல்லித் தப்ப முடியாது. கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டும் என்றால், ஊற்றும் நேரத்தில் மட்டும் வாளிக்குள் வைத்து ஊற்றி, வடிந்ததும் எடுத்துத் தொங்கவிடலாம்.

உரம் 20-20-20 (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் உள்ள, நீரில் கரையும் தூள்), லீற்றருக்கு 1 கிராம், கிழமைக்கு ஒரு தடவை. 1 கிராமை வீட்டில் நிறுப்பது கஷ்டம். ஆகவே ஒரு மட்டத் தேக்கரண்டி, சுமார் 5 கிராம், 500 மில்லிலீற்றர் போத்தலில் கரைத்து இருட்டில் வையுங்கள். கிழமைதோறும் அதில் 100 மில்லிலீற்றர் எடுத்து ஒரு லீற்றராக்கினால் கணக்குச் சரி. போத்தல் ஐந்து கிழமைக்கு வரும். இரண்டு செடிக்குச் சுமார் 400 மில்லிலீற்றர் போகும், மீதி கறிவேப்பிலைக்கு. ஒரு கிலோப் பொதியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வருடம் முழுவதும் காணும். நம் ஈரக்காற்றில் தூள் கட்டிபடும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கரியில் படிந்த உப்பைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வேர்நுனி கறுக்கும்.

மழைக்காலத்தில் முளை தண்ணீர் கோர்த்துக் கபிலமாகி, இழுத்தால் நாற்றத்தோடு கையோடு வந்தால் அது அழுகல். நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி, செடியை மழைக்கு ஒதுக்கி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். செம்பு சேர்ந்த பூஞ்சைகொல்லியை டென்ட்ரோபியத்துக்கு அடிக்காதீர்கள், இளம் முளையைச் சுட்டுவிடும். காய்ந்த மாதங்களில் மழை படாத பல்கனியில் இலையடியில் வெள்ளி பூசியது போலத் தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவுவதே முதல் மருந்து. தோட்டக்காரர்களுக்கு எதிரி நத்தை. ஒரே இரவில் எல்லா வேர்நுனியையும் தின்னும், இரவு ஒன்பது மணிக்கு டோர்ச்சோடு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

ஆளுக்கு இரண்டு செடி சொன்னதன் காரணம்: ஒன்றை மேலே சொன்ன பொது விதிப்படி வளர்க்க வேண்டும், விதி பிழை என்று தோன்றினாலும். மற்றதை அவரவர் விருப்பப்படி. பொச்சுக் கலக்கலாம், மீன் கழுவிய தண்ணீர் விடலாம், யாரும் கேட்க முடியாது. பதிவைப் பௌர்ணமிப் போயா தினத்தில் வையுங்கள். மாதம் தவறாமல் வருகிறது, எல்லோருக்கும் விடுமுறை. தண்டுகளின் எண்ணிக்கை, புதுத் தண்டின் உயரம், பூந்தண்டு முதலில் தெரிந்த நாள், முதற்பூ விரிந்த நாள், பூக்களின் எண்ணிக்கை, கடைசிப் பூ உதிர்ந்த நாள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டம் நிற்கட்டும். ஒன்றும் நடக்காத மாதத்திலும் எழுத வேண்டும், விட்டவர் மறுபடி தொடங்கமாட்டார். முளை முழுத் தண்டாக முற்ற நாலு ஆறு மாதம். மாசியில் நட்டால் ஆவணிக்குப் பிறகு பூந்தண்டை எதிர்பார்க்கலாம். அதுவரை பொறுமை காக்க ஒரு விளையாட்டுச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு துண்டு புறா ஓர்கிட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், டென்ட்ரோபியம் குருமெனேட்டம். வைத்திருப்பவர் ஒரு தண்டைச் சும்மாவே தருவார். மரத்தில் கட்டிவிட்டால் கவனிப்பே வேண்டாம். இதன் மொட்டு உருவாகித் தூங்கிக்கொண்டிருக்கும். வெக்கையான நாளில் மழை கொட்டி வெப்பம் சடுதியாக 5 பாகை அளவு இறங்கினால் விழித்து, ஒன்பதாம் நாள் வெள்ளையாக விரியும். வாசனை நல்லது, ஆயுள் ஒரு நாள். ஒரே மழை நனைத்த பிரதேசத்தில் எல்லாச் செடியும் ஒரே காலையில் பூக்கும். வத்தளையில் பூத்து வெள்ளவத்தையில் பூக்காவிட்டால், அந்த மழை அங்கே போகவில்லை, அல்லது அந்தப் பல்கனி அடைபட்டு வெக்கை இறங்கவில்லை. பின்னதானால் அந்த வீட்டு டென்ட்ரோபியத்துக்கும் காற்றோட்டம் காணாது என்று பொருள், கார்த்திகை மழைக்கு முன் இடத்தை மாற்றுங்கள்.